அம்மாவின் சீனித்துளசி டீ

குப்பியின் மூடியில் இருப்பது உன் கையெழுத்து. ஆய்வகத்து ஃப்ரீசரில் நீ விட்டுப்போனது இது ஒன்றுதான், அதுவும் சிறுநீர். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பழைய சாம்பிள்களையெல்லாம் இந்த வாரம் கொட்டச் சொல்லிவிட்டார்கள். உன்னுடையதை மட்டும் கடைசிச் சொட்டுவரை கருவியில் ஏற்றிவிட்டேன். முடிவு வரும்வரை இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், உனக்கு எழுதுகிறேன்.

சீனித்துளசியின் இனிப்பு உடம்புக்குள் என்னவாகிறது என்றுதானே சேர்ந்து தேடினோம்? குடலில் இருக்கும் பாக்டீரியா அதன் சர்க்கரைத் துண்டுகளைக் கழற்றிவிடும். மிச்சத்தைக் கல்லீரல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பும். "வாய் பொய் சொல்லும், ஈரல் காட்டிக் குடுத்துடும்டி" என்பாய். சோதனைக்கு வந்த மற்றவர்கள் இலையைச் சாப்பிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதைத் தொடவே கூடாத ஆள் நீ.

அந்த வாரம்தான் ஆரணியில் என் வீட்டுக்கு வந்தாய். சர்க்கரை நோய் வந்ததிலிருந்து அம்மா டீயில் அந்த இலையைத்தான் போடுகிறாள். "அவளுக்கு இனிப்பு ஆவாதும்மா" என்றேன். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. உங்கள் பட்டுத் தெருக்காரர்கள் எங்கள் காலனிக்கு வந்தால் சொல்கிற சாக்கே அதுதான். வற்புறுத்திக் கொடுத்தால் வாங்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுவார்கள். அம்மா பிடிவாதமாக டம்ளரை உன் கையில் வைத்தாள். போன் வந்தது, டம்ளரோடு வாசலுக்குப் போனாய். திரும்பி வந்தபோது டம்ளர் காலி.

பஸ்ஸில் கேட்டேன். "சாம்பிளைப் பாத்துத் தெரிஞ்சிக்கோ" என்று சிரித்தாய். மறுநாள் காலை சாம்பிளும் கொடுத்தாய். அதைச் சோதிப்பதற்குள் களம்பூர் சாலையில் லாரி மோதிப் போய்விட்டாய்.

அம்மா இன்னும் கேட்கிறாள்: "அந்தப் பொண்ணு குடிச்சிதா, ஊத்திட்டுப் போச்சா?" எரிந்து விழுவேன். எனக்கும் அதே சந்தேகம் இருந்ததால் வந்த எரிச்சல் அது. உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே உனக்காக அழுவது பெரிய பேஜார்.

இதோ, திரையில் அந்த இலையின் மிச்சம் தெரியும் இடத்தில் கோடு எழும்புகிறது. உன் சாம்பிளில் எழும்பவே கூடாத இடம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குடிச்சிருக்காம்மா."

"முழுசாவா?"

"ஒரு டம்ளருக்குக் குறையாது."

"அன்னிக்கு இலை ஜாஸ்தியாப் போச்சுடி. கசந்திருக்குமே" என்றாள். "ஒரு வார்த்த சொல்லலியே அது."

நம் விதிப்படி இது கெட்டுப்போன சாம்பிள். கோடு விழுந்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் காட்ட நாளைக்கு ஊருக்குப் போகிறேன்.