இடது கைக்கான கிட்டார்

போன வாரம் உன் மனைவி ஆட்டோவில் வந்து உன் கிட்டார் பெட்டியை என் கடையில் இறக்கினாள். பழுதுக்கு வந்திருந்த செல்போன்களை ஒதுக்கிவிட்டு, மேசைமேல் வைத்துத் திறந்தேன். கம்பிகளின் இரும்பு வாசனையோடு, மரத்துக்கு நீ தடவும் எலுமிச்சை எண்ணெய் வாசனையும் வந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

"வூட்ல வச்சிக்கினு இன்னாண்ணா பண்றது? பசங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நல்ல ஆளா பாத்து குட்த்துடு" என்றாள்.

படம் எடுத்து விற்பனைக்குப் போட்டேன். அழைத்தவர்கள் எல்லாரும் "லெஃப்ட் ஹேண்டா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அப்போதுதான் நாம் இதை வாங்கப் போன நாள் முழுசாக நினைவுக்கு வந்தது.

நீ இடது கைக்காரன். நகரியிலும் சித்தூரிலும் திருப்பதியிலும் தேடி, உன் கைக்கென்று செய்த கிட்டார் எந்தக் கடையிலும் உனக்குக் கிடைக்கவில்லை. பதினேழு வயதில் கைக்கு வந்த சாதாரணக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசிக்கப் பழகினாய். மற்றவர்களுக்கு மேலே இருக்கும் தடித்த கம்பி உனக்குக் கீழே இருந்தது. பகலில் விசைத்தறி, மாலையில் நம் ஆர்கெஸ்ட்ரா என்று இருபத்தைந்து வருடம் அப்படியே ஓட்டினாய். கல்யாண மண்டபங்களில் முன்வரிசைக்காரர்கள் உன் கையைக் காட்டி ஏதோ பேசிக்கொள்வார்கள். கீபோர்டுக்குப் பின்னால் நிற்கும் எனக்கு அதில் ஒரு பெருமை.

பலமனேரில் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர் தன் கிட்டாரை விற்கிறார் என்று நீதான் கண்டுபிடித்தாய். அமெரிக்காவில் செய்தது, அதுவும் இடது கைக்கென்றே செய்தது. நீ ஆறு வருடம் சேர்த்த பணத்தோடு பஸ் ஏறினோம். சித்தூர் தாண்டி மேட்டில் ஏறும்வரை பணம் இருந்த பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய்.

"கூர்ச்சோண்டி சார்" என்று அந்த இன்ஜினியர் நாற்காலி போட்டார். தோளில் கைக்குழந்தை. பெங்களூர் வேலை, குழந்தை, இரண்டுக்கும் நடுவில் இதைத் தொட நேரமில்லை என்றார். நீ உடனே வாசிக்கவில்லை. கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாய். ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒவ்வொரு குமிழையும் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று காது கொடுத்தாய். பிறகு மடியில் வைத்து, தெரிந்த ஒரு பாட்டின் முதல் கார்டை அழுத்தி மீட்டினாய்.

அபஸ்வரம். இன்னொரு முறை அழுத்தினாய். அதுவும் அப்படியே.

எனக்குப் புரியவில்லை. கிட்டாரில்தான் கோளாறு என்று நினைத்தேன். நீ விரல்களை எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இதுல கம்பி சரியா இருக்குதுடா. என் கைதான் தலைகீழா கத்துக்கினு கீது."

உனக்கென்றே செய்த கிட்டாரில் உன்னால் ஒரு பாட்டுகூட வாசிக்க முடியவில்லை. இன்ஜினியருக்கும் சங்கடமாகிவிட்டது. "கம்பிங்கள மாத்திப் போட்டுக்கலாம் சார். மேல கம்பிங்க உக்கார்ற எலும்புக் கட்டையில பள்ளத்த கொஞ்சம் ராவணும், அவ்ளோதான்" என்றார். நானும் அதையே சொன்னேன்.

"இத்த ராவறதுக்கு எனுக்கு மனசு வரல. என் கையவே மாத்திக்கிறேன்" என்றாய்.

வாங்கிவிட்டாய். திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியைக் கால்களுக்கிடையில் நிறுத்திப் பிடித்திருந்தாய். நான் திட்டிக்கொண்டே வந்தேன். கச்சேரிக்குப் பழையது, வீட்டில் புதியது என்று வைத்துக்கொள் என்றேன். "ரெண்டும் இருந்தா கை பழசுக்குத்தான் போவும்" என்றாய். அந்த வாரமே பழைய கிட்டாரைத் தடாவில் இருக்கும் உன் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாய்.

ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மன் கோயில்களில் வரிசையாக நிகழ்ச்சிகள் ஒப்புக்கொண்டிருந்தேன். ஒத்திகையில் நீ தடுமாறினாய். பாடுகிறவர்கள் நின்று நின்று உன்னைப் பார்த்தார்கள். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு திருத்தணியிலிருந்து வேறொரு கிட்டார்காரரை வரவழைத்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் உன்னிடம் அதைப் போனில் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை.

"சரிடா. கச்சேரி நல்லா நடக்கணும், அதான் முக்கியம்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு மத்தியானம் சமாதானம் சொல்லலாம் என்று உன் வீட்டுப் பக்கம் வந்தேன். பக்கத்துத் தறிகளின் சத்தத்துக்கு நடுவே உன் கிட்டார் கேட்டது. நாற்பத்து மூன்று வயதில், பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல ஒவ்வொரு ஸ்வரமாக ஏறிக்கொண்டிருந்தாய். நான்காவதில் தப்பி, மறுபடி முதலிலிருந்து. மறுபடி நான்காவதில் தப்பியது. "அந்த எடம் வந்தாலே உன் வெரலு தூங்கிப்பூடுது" என்று உன் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து நீயே கடைக்கு வந்தாய். "ஒத்திகைக்கு வர்லாமாடா?" என்று கேட்டாய். நீ கேட்கும்படி ஆக்கிவிட்டேனே என்று இருந்தது. திருப்பதியில் ஒரு கல்யாண வரவேற்பில் மறுபடி என் பக்கத்தில் நின்றாய். மூன்றாவது பாட்டில் உன் விரல் பழைய இடத்துக்கே ஓடி ஒரு ஸ்வரம் தப்பியது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வரியைப் பிடித்தாய். அந்த வரியை நீ இழுத்து நிறுத்திய விதத்தில், தட்டோடு போய்க்கொண்டிருந்த பரிமாறுகிறவர்கள்கூட நின்றார்கள். உன் பழைய கிட்டாரில் அப்படி ஓர் ஓசையை நான் கேட்டதே இல்லை.

அப்புறம் உனக்குக் கிடைத்தது ஒன்றரை வருடம்தான். தறிக்கூடத்திலேயே மாரடைப்பு. மருத்துவமனைக்கு நான் வருவதற்குள் முடிந்துவிட்டது.

கிட்டாருக்குத் திருப்பதியில் இடது கைக்காரர் ஒருவர் கிடைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். வாங்கிக்கொள்வார் என்றே நினைக்கிறேன். உன் மனைவிக்கும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நம்முடன் தாளத்துக்கு எலெக்ட்ரானிக் பேட் வாசிப்பவர் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை தாளத்துக்குப் பின்னால்தான் வருகிறது. வேறு ஆளைப் பார்க்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. எதற்கு வந்திருக்கிறேன் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

"உன் எடத்துல வேற யாரையும் ஒக்கார வைக்க மாட்டேன். வந்து வாசி" என்றேன்.

"தாளம் தப்பினா இன்னாண்ணா பண்றது?"

"தப்பட்டும். நாங்க உன்கூட சேந்து மெதுவா போறோம்."

அவர் உள்ளே திரும்பி, எனக்குக் காபி போடச் சொன்னார். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்படி வேறொருவர் வீட்டில் உட்கார்ந்து சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நாளை ஒத்திகை. அவரால் இன்னும் வண்டி ஓட்ட முடியாது. நானே போய் அழைத்துவருகிறேன்.