மஞ்சள் ஓட்டையும் வலது ஓரமும்

மார்ச் 3, செவ்வாய்

என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

மாமனாருக்கு வரும் பதினைந்தாம் தேதி எண்பது வயது. கம்ப்யூட்டரில் கிடக்கும் குடும்பப் படங்களை அவருடைய டி.வி.யில் பெரிதாகக் காட்டலாம் என்றார் என் கணவர். அந்த டி.வி.க்கு முதுகு மட்டும் ஒன்றரை முழம். மாற்றலாம் என்றால் மாமனார், "அதுவும் நானும் ஒண்ணாத்தான் ரிட்டயர் ஆவோம்" என்பார். அதன் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்றே ஓட்டை. கம்ப்யூட்டரிலோ பதினைந்து துளை உள்ள நீல வாய். ஜோடிப் பொருத்தம் சுத்தமாக இல்லை.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். யார் கேட்டது?

மார்ச் 5, வியாழன்

ஒரு முனையில் நீலத் தலை, மறுமுனையில் மூன்று வண்ண வால். அப்படி ஒரு வயர் வாங்கிச் சொருகினேன். கச்சிதம். டி.வி. மட்டும் கன்னங்கரேல். கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் சிரிக்கிறார் மனுஷன்.

"அக்கா, இது வெறும் வயரு. கம்ப்யூட்டர் அனுப்புற சிக்னல் வேற, டி.வி. வாங்கிக்கிற சிக்னல் வேற. ரெண்டு பேரை ஒரே சோபால உக்கார வெச்சா பேசிடுவாங்களா? நடுவுல மாத்திக் குடுக்க ஒரு பெட்டி வேணும்."

சோபா என்றதும் சுருக்கென்றது. என் ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. போட்டோ என்றால் வலது ஓரத்துக்குப் போய், வயிற்றை எக்கி, பக்கவாட்டில் ஒரு தினுசாக நிற்பார். ஒரு கல்யாண வீட்டில் அதை நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், சட்டென்று நிறுத்தினார்கள். திரும்பினால், அவர். அன்றிலிருந்து ஒரே சோபாவில்தான் உட்காருகிறோம். நடுவில் பெட்டிதான் இல்லை.

பதினைந்தாம் தேதி அவரும் வருகிறார். ஒழுங்காக நடந்துகொண்டால் பேசுவாரோ என்று ஒரு நப்பாசை.

மார்ச் 7, சனி

பெட்டி வந்தது. சோப்பு டப்பா அளவு. சொருகியதும் படம் மேலே ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரில் திரை அளவை எண்ணூறுக்கு அறுநூறாகக் குறைத்த பிறகு அடங்கியது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் நடுங்குகிறது, முகங்கள் பரவாயில்லை.

"என் மூக்கு இவ்ளோ பெரிசாம்மா?" என்றார் மாமனார்.

"டி.வி.தான் பெரிசாக் காட்டுது மாமா" என்று ஒரு பொய் சொன்னேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஐயையோ.

இந்தக் கிழட்டு டி.வி. படத்தின் வலது ஓரத்தைத் தின்கிறது! வலது ஓரத்தில் யார்? ஒன்றில் ஓரகத்தியின் முழங்கை, ஒன்றில் கைப்பை. மற்றதிலெல்லாம் ஆளே இல்லை.

கணவர் பார்த்தார். "நீ வேணும்னே பண்ணின மாதிரியே இருக்குடி."

"சத்தியமா நான் பண்ணலைங்க!"

"எனக்குத் தெரியும். அண்ணி நம்புவாங்களா?"

நம்ப மாட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானே நம்ப மாட்டேன்.

மார்ச் 11, புதன்

பெட்டியில் ஐந்து பட்டன். படத்தைச் சிறிதாக்கும் பட்டனை அமுக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் இருக்கிறது. இதுவும் நம் சொந்தக்காரர்தானோ?

மார்ச் 12, வியாழன்

பக்கவாட்டில் நகர்த்தும் பட்டன் வேலை செய்கிறது. படத்தை இடது பக்கம் தள்ளினேன். ஓரகத்தி முழுசாக வந்துவிட்டார், எக்கிய வயிற்றோடு. ஆனால் எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் நிற்கும் நெட்டைக் கொக்கு காலி. கொக்கு நான்தான்.

போகட்டும். என் மூஞ்சியை இந்த வீட்டில் தினமும்தான் பார்க்கிறார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

பத்துப் படம் ஓடியது. மாமனார் ஒவ்வொருவராக விரல் நீட்டிப் பெயர் சொன்னார். பதினோராவது படத்தில் ஓரகத்தி முன்னால் சாய்ந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ எங்கடி?"

இரண்டு வருஷத்துக்கு அப்புறம்!

"ஓரம் வெட்டுதுக்கா… ஒருத்தர்தான் வர முடியும். அதான்… உங்கள…"

ஓரகத்தி எழுந்துபோய் மவுஸைப் பிடித்தார்.

"படத்தையே கொஞ்சம் சின்னதாக்கி நகத்தி வெச்சா ரெண்டு பேருமே தெரிவோமே. ஒரு வாரமா இதையா உருட்டிட்டிருந்த?"

இரண்டே தட்டு. அந்த ஓரத்தில் அவர், இந்த ஓரத்தில் கொக்கு. என் ஒரு வார மூளை மொத்தமும் குப்பையில். சந்தோஷமாகப் போகட்டும்.

மார்ச் 29, ஞாயிறு

ஓரகத்தி வீட்டில் சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்தால் சமையலறையில் ஒரே சிரிப்பு. டி.வி.க்குப் பின்னால் தலையை விட்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "இது மஞ்சளா, வெள்ளையா?" என்று பிறந்தநாளன்று நான் தடவியதை ஓரகத்தி நடித்துக்கொண்டிருந்தார். அச்சு அசல் நான். எல்லோரும் சட்டென்று நிறுத்தினார்கள். அவர் திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம் தூக்கணும்க்கா" என்றேன்.