செல்வி பேர் வெட்டிய டம்ளர்

அத்தை,

நேற்று அரிசி டிரம்மை நகர்த்திச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். நவராத்திரிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் இதற்குள் மூன்று முறை சொல்லிக் காட்டியிருப்பீர்கள். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் உங்கள் பழைய துண்டு ஒன்று சுருட்டிக் கிடந்தது. பிரித்தால் உள்ளே பேப்பர் கப். பாதி தீர்ந்த பாக்கெட், வாயில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தது. மோந்து பார்த்தேன், அதே அட்டை வாசனை. இந்த வீட்டுக்குள் பேப்பர் கப் நுழையக் கூடாது என்று நான் சட்டம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது.

ஆக, கடைசி வரைக்கும் என்னை ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று முதலில் கோபம் வந்தது. போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வந்தது.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த செல்வி அதைப் பார்த்துவிட்டு ஈரக் கையோடு வந்தாள். அது குப்பை, கொடுங்கள், கீழே போட்டுவிட்டு வருகிறேன் என்று கையை நீட்டினாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே வேலைக்குச் சேர்ந்தவள் அவள். வீடு பற்றி எரிந்தாலும் நிதானமாகத்தான் நடப்பாள். அப்படிப்பட்டவளுக்கு அத்தனை அவசரம் எதற்கு? நான் பாக்கெட்டைக் கொடுக்கவில்லை.

என் பிழைப்பே சந்தேகப்படுவதுதான் என்று உங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீசில் வந்து விழுகிற விண்ணப்பங்களில் எது நிஜம், எது புளுகு என்று பிரித்துப் பிரித்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. "ஆபீஸை ஆத்துக்கும் எடுத்துண்டு வந்துடறா" என்று நீங்கள் உங்கள் பிள்ளையிடம் சொன்னதும் என் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் ஆபீசைக் குறை சொல்ல முடியாது. ஆதம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு நான் வந்த விதம் அப்படி. உங்கள் ஜாதியில்லாத பெண். முதல் ஆறு மாதம், நான் கழுவி வைத்த பாத்திரத்தை நீங்கள் மறுபடி ஒரு முறை கழுவினீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கழுவினீர்கள். பிறகு நாம் சிநேகமாகிவிட்டோம். சேர்ந்து கச்சேரிக்குப் போனோம், சேர்ந்து உங்கள் பிள்ளையைக் கேலி செய்தோம். ஆனாலும் அந்தக் குழாய்ச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

அந்த நாளில் செல்விக்கு ஒரு டம்ளர் இருந்தது. பின்பக்கத்து பால்கனியில் குழாய்க்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த, ஓரம் நெளிந்த டம்ளர். அவளே எடுத்துக் கழுவி நீட்டுவாள். நீங்கள் உயரத்திலிருந்து காபியை ஊற்றுவீர்கள். குடித்துவிட்டு மறுபடி கழுவிக் கவிழ்ப்பாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதிதாக வந்தவள், நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு அது கண்ணுக்குப் பழகியும் போனது. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

உங்கள் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வந்த கூட்டத்துக்காகப் பேப்பர் கப் வாங்கினோம். அதற்கப்புறம் நெளிந்த டம்ளரைக் காணவில்லை. செல்விக்குத் தினமும் பேப்பர் கப்பில் காபி. பழைய தனி டம்ளர்தான் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சமயம் பார்த்துக் காத்திருந்தேன்.

சமயம் கொலுவில் வந்தது. கொலு முடிந்த மறுநாள் காலை நம் வாசலில் மூன்று மூட்டை பேப்பர் குப்பை. சுண்டல் கொடுத்த கிண்ணம், தட்டு, கை துடைத்த தாள். அது போதாதென்று உங்கள் பேத்தி மேஜையில் ஒரு சொட்டு ரசம் சிந்தினால் டிஷ்யூ ரோலில் நாலு முழம் கிழிப்பாள். இனிமேல் இந்த வீட்டில் கசக்கி எறிகிற பேப்பர் எதுவும் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன்.

உங்கள் ஒத்துழைப்பைக் குறை சொல்ல முடியாது. "மரத்தை வெட்டி மூக்கைத் துடைச்சுக்கணும்னு நானா கேட்டேன்?" என்று மாமாவின் பழைய வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து, மெஷினில் ஓரம் அடித்து, அடுப்புக்கு ஒரு கட்டு, கைக்கு ஒரு கட்டு என்று பிரித்து வைத்தீர்கள். பேப்பர் தட்டுக்குப் பதில் மாட வீதியிலிருந்து வாழையிலை வந்தது. சுண்டல் வாங்க வருகிறவர்கள் அவரவர் டப்பாவோடு வரட்டும் என்று நான் சொன்னதும், கஞ்சம் என்று பேசுவார்களே என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டீர்கள். மறுநாள் நீங்களே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து, மூடி இறுக்கமான டப்பாவாகக் கொண்டுவரச் சொன்னீர்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் மசியவில்லை. "அந்தக் கப் மட்டும் இருக்கட்டும்டி" என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். எனக்கு அது போதாதா?

அந்தச் சனிக்கிழமையே மாம்பலத்துப் பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரே மாதிரி ஐந்து எவர்சில்வர் டம்ளர். பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்கு எடுத்துவருவது நம் வழக்கம் இல்லையே. உங்கள் பேர், உங்கள் பிள்ளை பேர், என் பேர், பெண்ணின் பேர் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவதாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் வெட்டச் சொல்லி, செல்வி என்று எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் ஐந்தையும் அலமாரியில் ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். கை தட்டுகிற பொம்மைகளாக வந்து குவிந்தன. என் தலைக்கனம் கொஞ்ச நஞ்சமில்லை.

நீங்கள் செல்வியின் டம்ளரை எடுத்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தீர்கள். "சும்மா டம்ளரா வாங்கப்படாதோ? பேரெல்லாம் எதுக்கு?" என்றீர்கள். உங்கள் பேர் நிற்கிற வரிசையில் அவள் பேரும் நிற்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். ஆனாலும் தினமும் சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வரும்போது செல்வியின் டம்ளர் கழுவிக் கூடையில் இருக்கும். சில நாள் அடியில் காபி வாசனைகூட இருக்கும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஜுரம் என்று மூன்றரை மணிக்கே வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். செல்வி கீழே நிலைப்படியில் சாய்ந்திருந்தாள். அவள் கையில் பேப்பர் கப். உங்கள் கையில் அவள் பேர் வெட்டிய டம்ளர். அதில் ஒரு வாய் காபியை ஊற்றிச் சுழற்றி, சிங்கில் கொட்டிக்கொண்டிருந்தீர்கள். போலி விண்ணப்பத்தைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு. என்ன இது என்று நான் போட்ட சத்தத்தில், அன்று லீவில் இருந்த உங்கள் பிள்ளை உள்ளேயிருந்து வந்தார். அவர் எதிரிலேயே கேட்டேன்.

"பேர் போட்டுக் குடுத்தாலும் அவ வாய் வெச்ச டம்ளர் உங்க அலமாரியில இருக்கக் கூடாது, அப்படித்தானே அத்தை? சாகற வரைக்கும் இந்தப் புத்தி போகாதா உங்களுக்கு?"

நீங்கள் செல்வியைப் பார்த்தீர்கள். செல்வி தரையைப் பார்த்தாள். "தப்புதான். இனிமே இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். குற்றம் ஒப்புக்கொண்டாயிற்று என்று நான் ஃபைலை மூடினேன். உங்கள் பிள்ளை இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. நானும் அவரைப் பேசச் சொல்லவில்லை.

நீங்கள் போய்ப் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு, செல்வி காபியே வேண்டாம் என்றுவிட்டாள். அல்சர், டாக்டர் குடிக்கக் கூடாது என்றுவிட்டார் என்றாள். யார் எதைச் சொன்னாலும் நம்பாத நான், அதை மட்டும் அப்படியே நம்பினேன்.

நேற்று பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளை எதிரில் உட்காரச் சொல்லிக் கேட்டேன். ரொம்ப நேரம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உங்களை அவள் பெரிம்மா என்றுதானே கூப்பிடுவாள்.

"பெரிம்மாவ ஒண்ணியும் நெனச்சுக்காதக்கா. நான்தான் கேட்டேன்" என்றாள்.

உங்கள் பிறந்தநாளன்றைக்கு விருந்தாளிகளுக்கு உருவிய அதே கட்டிலிருந்து அவளுக்கும் ஒரு கப் உருவிக் கொடுத்தீர்களாம். எல்லோரும் குடித்ததில் தானும் குடித்தது இந்த வீட்டில் அன்றைக்குத்தானாம். மறுநாள் நெளிந்த டம்ளரை எடுக்கக் கை வராமல், இனிமேல் கப்பிலேயே கொடுங்கள் என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். பிறகு நெளிந்த டம்ளரை நீங்களே எடுத்துப்போய்ப் பழைய இரும்புக்காரன் வண்டியில் போட்டுவிட்டு வந்தீர்களாம்.

"அப்பால நீ பேர் வெட்டிக்கினு வந்துட்ட. எங்க அம்மா அடையார்ல ஒரு வூட்ல வேலை செஞ்சுது, அதுக்கும் தனி டம்ளர்தான். அதுலயாவது பேர் இல்ல. என்னுதுல பேரே போட்டுட்டியேக்கா."

என் டம்ளரிலும்தானே பேர் இருக்கிறது என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"உன் டம்ளர்ல சார் குடிக்கிறாரு, பாப்பா குடிக்குது. கைல எது ஆப்டுதோ அதுல ஊத்திக்கிறீங்க. என்னுத ஒரு நாளாவது யாரானா எடுத்தீங்களா?"

மூன்று வருஷத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன், அத்தை. விருந்தாளிகள் வந்து டம்ளர் போதாமல் தவித்த நாள்கூட உண்டு. அன்றைக்கும் நான் தயிர்க் கிண்ணத்தில் காபி ஊற்றிக்கொண்டேன். அவள் டம்ளரைத் தொடவில்லை. தொடக் கூடாது என்று நினைத்ததில்லை. தொடவில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அழுவ. அப்பால நான் குந்திக்கினு உன்ன சமாதானம் பண்ணணும். எனக்கு ரெண்டு பஸ் மாறணும்க்கா" என்றாள். அவளுடைய ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு அவளுக்கு நேரம்தான் பெரிய விஷயம். என்னிடம் சொல்லவே கூடாது என்று உங்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். டம்ளரில் ஒரு வாய் ஊற்றிக் கொட்டுகிற யோசனை மட்டும் உங்களுடையதாம். நான் கண்டுபிடித்துக் கத்திய பிறகு, பாக்கெட்டைத் துண்டில் சுற்றி டிரம்முக்குப் பின்னால் தள்ளி, கடைசி வரைக்கும் அதிலிருந்துதான் கொடுத்தீர்களாம். அது அங்கேயே இருப்பது அவளுக்கு வருஷம் முழுக்கத் தெரியும். உங்கள் கையால் சுற்றி வைத்ததை எடுத்துப் போட மனசு வரவில்லையாம்.

ஆக, நான் கத்திய அன்றைக்கு நீங்கள் அவளைப் பார்த்தது, சொல்லட்டுமா என்று கேட்கத்தான். அவள் தரையைப் பார்த்தது, வேண்டாம் என்று சொல்லத்தான். ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம். பிள்ளை பேசாத இரண்டு நாளையும் பொறுத்துக்கொண்டீர்களே தவிர, அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள், அத்தை. இதை நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் என் புத்தி ஓயவில்லை. வீட்டில் பேர் வெட்டாத டம்ளர் ஒன்றுகூடவா இல்லை? உங்கள் டம்ளரையே எடுத்து நீட்டியிருக்கலாமே? பேப்பர் கப் அவளுக்கு மட்டும் சௌகரியமா, உங்களுக்குமா? செல்வியையே கேட்டேன். "அத பெரிம்மாவாண்டதான் கேக்கணும்" என்றாள். இனி யாரிடம் கேட்பது? உங்களைத் தெய்வமாக்கிப் படத்துக்கு மாலை போட என்னால் முடியாது. உங்களுக்கும் அது பிடிக்காது. ஆனால் அவள் வாய்விட்டு ஒன்று கேட்டாள், நீங்கள் எழுந்துபோய்ச் செய்தீர்கள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை. கேட்காமலேயே நான்தான் எல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

இனிமேல் எந்த டம்ளர் கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள் என்று நேற்று சொன்னேன். சரிக்கா என்றாள். இன்று காலை இரண்டு பேருக்கும் காபி கலந்து, உங்கள் டம்ளரில் ஒன்று, என் டம்ளரில் ஒன்று ஊற்றி, எது வேண்டுமோ எடு என்று மேடையில் வைத்தேன். பெருக்குவதை நிறுத்தாமல், "வேணாங்க்கா, அல்சர் கீதுல்ல?" என்றாள்.

அல்சர் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். உயரத்திலிருந்து ஊற்றிய உங்களை அவள் நம்பினாள், அத்தை. பேர் வெட்டிக் கொண்டுவந்த என்னை நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. இரண்டு காபியையும் நானே குடித்தேன். நாளைக்கும் இரண்டு பேருக்குத்தான் கலப்பேன்.