வழி: துறைத்தலைவர்

சார்,

உங்கள் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்ததும் தைல வாசனை வந்தது. பொறுப்புத் துறைத்தலைவர் என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஒன்றரை மாதம் ஆகியும் அந்த ஒரு இழுப்பறை மட்டும் பூட்டியே கிடந்தது. அதன் பிறகுதான் உங்கள் வீட்டிலிருந்து சாவி வந்தது. உள்ளே பாதி தீர்ந்த தைலப் புட்டி, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுக் கருத்தரங்குப் பேனா, எந்தெந்த ஊரிலோ கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த பெயரட்டைகள். மூக்கில் அந்த வாசனை ஏறியதும் எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மாட்டேன். அடியில் இருந்த பச்சை ஃபைலைப் பிரிக்கும் வரைக்கும் நீங்கள் எனக்கு நல்லவராகத்தான் இருந்தீர்கள்.

ஃபைலில் இருந்தது ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதிய விண்ணப்பம். அதன் பின்னால் கல்லூரியின் ஒப்புதல் கடிதம். பழைய பிரின்சிபாலின் கோணல் கையெழுத்து, நீல வட்ட முத்திரை, கீழே தேதி. கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முந்தைய தேதி.

நின்றபடியே மூன்று தரம் படித்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டினேன். பதில் சொல்ல ஆள் இல்லாத அறையில் திட்டுவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா? அதனால்தான் எழுதுகிறேன்.

இளம் ஆசிரியர்களுக்கான ஆய்வு உதவித் திட்டம் அது. வயது வரம்பு எனக்கு அந்த வருடத்தோடு முடிந்தது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூக்கண்டப்பள்ளிப் பக்கத்தில் நிக்கல் முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறைகளில் கெஞ்சிக் கூத்தாடி, கழுவிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்தவள் நான். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் மலையாகக் குவிகிற மாங்கொட்டையை மூட்டையில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவளும் நான்தான். கொட்டையைக் கரியாக்கி அந்தத் தண்ணீரில் போட்டால் நிக்கல் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு வருடம் பார்த்தேன். கரி சுட்ட நாட்களில் துறை முழுக்கக் கருகல் நாற்றம். நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "என்னம்மா, ஆய்வுக்கூடமா சுடுகாடா?" என்பீர்கள். நானும் சிரிப்பேன். அந்தத் திட்டம் கிடைத்தால் எனக்கென்று ஒரு கருவி, ஒரு ஆய்வு மாணவர், முதன்மை ஆய்வாளர் என்று என் பெயர். நான் கேட்டது அவ்வளவுதான்.

நம் கல்லூரி வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த விண்ணப்பமானாலும் மேலே 'பெறுநர்: முதல்வர்', அதன் கீழே 'வழி: துறைத்தலைவர்'. விரிவுரையாளர் தானாக மாடி ஏறிப் பிரின்சிபால் அறைக்குப் போவது அவமரியாதை. யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை, ஆனால் யாரும் போனதும் இல்லை. நானும் உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

மறுநாளே சொன்னீர்கள். "ஆய்த்தும்மா, மேல அனுப்பியாச்சு." கர்நாடக எல்லையோரத் தளிக்காரராகிய உங்களுக்கு எதற்கும் அந்தக் கன்னட 'ஆய்த்து'தான் வாயில் வரும். அந்தச் சொல்லைக் கேட்டாலே வேலை முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. மூன்றாம் நாள் கேட்டபோது பிரின்சிபால் மேசையில் இருக்கிறது என்றீர்கள். ஆறாம் நாள் நிர்வாகத்தில் ஏதோ சிக்கல் என்றீர்கள். எட்டாம் நாள் நானே மேலே போய்க் கேட்கட்டுமா என்றதற்கு, நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"நேரா போயிராதம்மா. அந்த மனுஷன் ஒரு மாதிரி. கோவத்துல கிழிச்சுப் போட்டுட்டாருன்னா அப்பறம் நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடியது. ஒப்புதல் கடிதம் என்ற ஒரே ஒரு இடம் காலியாக இருந்ததால் கடைசிப் பொத்தான் கடைசி வரை வேலை செய்யவில்லை. உங்கள் அறையில் உட்கார்ந்து அழுதேன். கேன்டீனிலிருந்து டீ வரவழைத்தீர்கள். உங்கள் கைக்குட்டையைக் கொடுத்தீர்கள், அதிலும் தைலம். "மனுஷனா அவன்?" என்று பிரின்சிபாலைத் திட்டினீர்கள். அப்போது என் கடிதம் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில், பூட்டிய இழுப்பறையில் இருந்திருக்கிறது. நாக்கூசாமல் எப்படி சார் அந்த டீயைக் குடிக்க முடிந்தது?

அடுத்த வருடம் வயது வரம்பு இல்லாத வேறொரு திட்டத்துக்கு அதே மாங்கொட்டைக் கரி போனது. முதன்மை ஆய்வாளர் நீங்கள். இணை ஆய்வாளர் நான். "உன் வேலை வீணாப் போவக்கூடாதும்மா" என்றீர்கள், நான் நன்றி சொன்னேன். பணம் வந்தது, கருவி வந்தது, ஆய்வுக்கூட வாசலில் உங்கள் பெயர் போட்ட பித்தளைப் பலகை வந்தது. ஊர் ஊராகக் கருத்தரங்குக்குப் போய்ச் சால்வையோடு வந்தீர்கள். பேச வேண்டிய படங்களை நான்தான் செய்து தந்தேன். ஒரு தடவை யாரோ கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் மேடையிலிருந்தே எனக்கு போன் செய்தீர்களே, அதையும் நாம் சேர்ந்து சிரித்துத் தீர்த்தோம்.

மற்றவர்களுக்கும் நீங்கள் குறை வைக்கவில்லை. ஆய்வு உதவி, பயண உதவி, பயிற்சி முகாம் என்று எந்த அறிவிப்பு வந்தாலும் கடைசித் தேதி முடிந்த மறுநாள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கீழே ஒரு கும்பிடும் கை வைப்பீர்கள். வேலை மிகுதியில் மறந்துவிடுகிறார் பாவம் என்று நான் உங்களுக்காக வாதாடியிருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் கணக்காக மறைக்கிறேன் என்று தப்பித்துக்கொள்வீர்கள். என் கணவரின் விரல்கள் பிரஸ் மெஷினில் நசுங்கியபோது முதலில் வண்டி எடுத்துக்கொண்டு வந்தது நீங்கள்தான். ஆஸ்பத்திரியில் சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தீர்கள். அது உண்மை. ஆனால் அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை என்பதும் உண்மை. அந்த உதவியே இப்போது எனக்கு ஆத்திரத்தைக் கூட்டுகிறது.

ஃபைல் கிடைத்த அன்றே அலுவலக உதவியாளர் பஷீர் அண்ணனைக் கூப்பிட்டேன். துறைகளுக்கும் மாடிக்கும் நடுவே தபால் சுமப்பவர் அவர்தானே. பழைய தபால் நோட்டை எடுத்து வந்து, விரலால் தடவித் தேடிக் காட்டினார். என் பெயர், அதே தேதி, எதிரே பச்சை மையில் உங்கள் சுருக்கொப்பம்.

"மேல குடுத்த அன்னிக்கே கையெழுத்து ஆயிடுச்சுங்க மேடம். நான்தான் கொண்டாந்து சார் கையில குடுத்தேன். நீங்க வாங்கிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவர் மேல் தப்பில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. துறைத்தலைவர் சொன்ன பிறகு உதவியாளரிடம் போய் விசாரிப்பதா என்று கௌரவம் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குந்தாரப்பள்ளிக்குப் போனேன். பழைய பிரின்சிபால் ஓய்வுக்குப் பிறகு அங்கேதான் இருக்கிறார். ஆறு வருடமாக நான் வெறுத்த மனிதர் அவர். அவருடைய பிரிவு உபசார விருந்துக்குப் போகாமல் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். எதிரே வந்தால் வராந்தாவை மாற்றிக்கொள்வேன். கடிதத்தைக் காட்டியதும் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். தனக்கு இது நினைவில்லை என்றார். வருகிற காகிதத்தில் அன்றன்றே கையெழுத்துப் போட்டுவிடுவது தன் பழக்கம் என்றார். கிளம்பும்போது வாசல் வரை வந்து கேட்டார்.

"நீ ஏம்மா அன்னிக்கு என் சாப்பாட்டுக்கு வரல? எல்லாரும் வந்தாங்க, உன்னத்தான் காணோம்னு வீட்ல கூட சொன்னேன்."

ஊருக்குப் போயிருந்தேன் என்று பொய் சொன்னேன். பாருங்கள், உங்களால் நானும் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எனக்குச் சேர வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொண்டதைவிட, அந்த மனிதருக்குச் சேராத வெறுப்பை என் கையாலேயே கொடுக்க வைத்தீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் நிர்வாகம் உங்கள் பெயரில் ஒரு ஆய்வு ஊக்க நிதி அறிவித்தது. ஆசிரியர்களின் முதல் ஆய்வுக்கும் கருத்தரங்குப் பயணத்துக்கும் உதவித்தொகை. உங்கள் நினைவாக நடக்கும் ஒருநாள் கருத்தரங்கில் அதைத் தொடங்கி வைக்க வேண்டும், விதிமுறைகளை நான் எழுதி மேடையில் வாசிக்க வேண்டும். உங்களோடு நெருங்கிப் பழகியவள் நான்தானாம். இப்போதைய பிரின்சிபால் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார்.

முதலில் அந்தக் கடிதத்தை மேடையில் படிப்பதாகத்தான் இருந்தேன். மாலை போட்ட உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று, தேதியோடு, முத்திரையோடு. இரண்டு நாள் அதையே மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பிறகு யோசித்தேன். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று ஒரு வாரம் பேசுவார்கள். வயிற்றெரிச்சல்காரி என்று என்னை முடித்துவிடுவார்கள். உங்கள் பெயரை நிதியிலிருந்து எடுத்துவிடுவார்கள், நீங்களும் சத்தமில்லாமல் தப்பித்துவிடுவீர்கள். அப்படி விட எனக்கு மனமில்லை.

அதனால் விதிமுறைகளை எழுதினேன். விண்ணப்பம் நேராகப் பிரின்சிபாலுக்குப் போகும், துறைத்தலைவருக்குத் தகவல் மட்டும். கையெழுத்தான கடிதம் அன்றைக்கே விண்ணப்பித்தவர் கையில் சேர வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது. வெளித் திட்டங்களுக்கான ஒப்புதல் கடிதத்துக்கும் இதே முறைதான். எந்த உதவி அறிவிப்பும் வந்த நாளிலேயே பலகையில் ஒட்டப்பட வேண்டும். வேலை செய்தவர் பெயர்தான் முதலில் வரும். பிரின்சிபால் படித்துவிட்டு, இதை மற்றத் துறைத்தலைவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று இழுத்தார்.

"சாரோட டிராயர்லயே இதுக்கு ஆதாரம் இருக்குங்க சார்" என்றேன். உங்கள் கடைசி ஆசை என்று நினைத்துக்கொண்டார். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

விழாவில் ஒவ்வொரு விதியையும் உங்கள் படத்தைப் பார்த்தே வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். முன்வரிசையில் உங்கள் வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இதெல்லாம் அவரு எழுதி வெச்சிருந்தாராம்மா?"

"எழுதலீங்கம்மா. பூட்டி வெச்சிருந்தாரு."

அவருக்கு அது பெருமையாகப் பட்டிருக்க வேண்டும், இன்னும் அழுதார். கடிதம் என் தோளில் தொங்கிய கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு கணம் கை போனது. காட்டவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வழக்கு உங்களோடுதான், அந்த அம்மாவோடு இல்லை.

நேற்று ஒரு பெண் என் அறைக்கு வந்தாள். போன வருடம் சேர்ந்த வேதியியல் விரிவுரையாளர். வெளித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கடிதம் வேண்டும், கடைசி நாள் நாளை மறுநாள். என் கையெழுத்துக்காகத் தயங்கித் தயங்கி நீட்டினாள். என் கையெழுத்து தேவையில்லை, மேலே போ என்றேன். அவள் நம்பாமல் நின்றாள். எழுந்து அவளோடு நானும் படி ஏறினேன். இருபத்திரண்டு படி, சார். பிரின்சிபால் படித்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தி அவள் கையிலேயே கொடுத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவள் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினாள்.

நான் அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்பது நாளில் ஒரு நாள், ஒரே ஒரு தடவை, இந்த இருபத்திரண்டு படியை நான் ஏறியிருக்கலாம். ஏறாததற்காக என் மேலும் கோபம்தான். ஆனால் ஏறாதே என்று சொன்னவர் நீங்கள்.

என் கடிதம் இன்னும் கைப்பையில் இருக்கிறது, டிபன் பாக்ஸுக்கும் பஸ் பாஸுக்கும் நடுவில். தினமும் மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கும் கல்லூரிக்கும் என்னோடு போய் வருகிறது. மடிப்பில் தைல வாசனை போகவில்லை. கிழிக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். புதிய படிவங்கள் அச்சாகி வந்துவிட்டன. மேலே பெரிய எழுத்தில் உங்கள் பெயர். அடுத்த வரியில் 'பெறுநர்: முதல்வர்'. அதன் கீழே நேராக விண்ணப்பிப்பவரின் பெயர். நடுவில் 'வழி' என்று ஒரு வரி இருக்குமே, அதை நான் எடுத்துவிட்டேன்.