ஸ்டூலில் உட்காராத அண்ணனுக்கு

என் செல்லச் சூசை அண்ணா,

நேற்று உன்னைப் பார்க்க வந்திருந்தோம். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. கூட்டம் சேர்வதற்குள் உன் இடத்தைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துவிடலாம் என்று அவர்தான் கூப்பிட்டார். அவர் என்றால் உன் தாஸ். உன் சிநேகிதனாக இருந்து, உன் தங்கையைக் கட்டி, இப்போது உன் கார் பாலிஷ் ஷெட்டையும் கட்டிக்கொண்டு அழுகிற அதே தாஸ்.

அவர் உன் கல்லைத் தேய்த்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். பனியன் துணியை நாலாக மடித்து, கார் கதவைத் தேய்ப்பதுபோல வட்டம் வட்டமாகத் தேய்த்தார். உன் பெயர் வெட்டியிருக்கும் இடத்தில் நகத்தை விட்டுப் பாசியை எடுத்தார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை குத்துக்காலிட்டபடியே இருந்தார். நான் பக்கத்தில் செவ்வந்தியை உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுந்தார். எழுந்ததும் வலது காலைத் தூக்கித் தரையில் தட்டினார். இரண்டு தடவை.

என் கை அப்படியே நின்றுவிட்டது. அது உன் தட்டல் இல்லையா அண்ணா? நம் வீட்டுக் கேட்டைத் தாண்டும்போது தினமும் நீ தட்டுகிற தட்டல். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். பாலிஷ் தூசியை உதறுகிறாய் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். எத்தனை சுத்தக்காரன் பார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைகூடப் பட்டோம். தூசியை உதறுகிறவன் இரண்டு காலையும் அல்லவா உதறுவான்? நீ வலது காலை மட்டும்தான் தட்டினாய்.

இந்தக் கடிதத்தை நம் கோயில் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உனக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று நீ முறைப்பது தெரிகிறது. படிக்கட்டும். நம் பெங்களூர் காக்ஸ் டவுனில் உன்னைப் பற்றி ஒரு பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை, அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதோடு, கார் துடைத்துப் பிழைக்கிறவர்கள் இந்தக் கோயிலில் நீயும் அவரும் மட்டும் இல்லை.

முதலில் அந்த ஸ்டூல் கதை. உனக்கு மறந்திருக்காது. ஷெட் ஆரம்பித்த புதிதில் சிவாஜிநகரில் பழைய பேரிங் வாங்கிவந்து, ஒரு பலகையின் அடியில் நாலு பக்கமும் மாட்டி, முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு ஸ்டூல் செய்தார் தாஸ். உட்கார்ந்தபடியே காரைச் சுற்றி உருண்டு வரலாம். கீழ்க்கதவு, சக்கரத்து ஓரம், பம்பர் எல்லாம் முதுகு வளையாமல் கைக்கு எட்டும். நீ அதில் ஒரு சுற்று உருண்டுவிட்டு, தேர் நல்லா இருக்கு என்று சிரித்தாய்.

ஆனால் காரின் சொந்தக்காரர் கேட்டுக்குள் வந்தால் போதும், அந்தத் தேரைக் காலால் எத்தித் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளிவிடுவாய். தாஸ் ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"சார் நின்னுக்கினு இருக்காரு. அவரு முன்னாடி நான் ஸ்டூல் போட்டு உக்காந்தா இன்னா நெனைப்பாரு? திமிர் புடிச்சவன்னு நெனைக்க மாட்டாரா?"

அதனால் குந்தினாய். நம் ஆட்கள் கணக்கே தனி அண்ணா. நிற்கிற பெரியவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தால் அவமரியாதை. அதே ஆள் அவர் காலடியில் குத்துக்காலிட்டுக் கிடந்தால் பணிவு. இரண்டிலும் ஆள் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்தக் கணக்கை யார் போட்டார்கள்? பெங்களூரில் கார் துடைக்க வருகிற ஒவ்வொருவனும் இதை எங்கேயிருந்து கற்றுக்கொண்டு வருகிறான்?

அந்தச் சனிக்கிழமையை நான் எழுதித்தான் ஆகவேண்டும். ரிடையர்ட் ஆபீசரின் கறுப்பு கான்டெஸா கார். கறுப்பு என்றால் ஒரு கீறல் விடாமல் தெரியும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பாட்டு வேளை முடிந்ததிலிருந்து வெயில் சாயும்வரை நீ கீழ்ப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே குந்தியிருந்தாய். வேலை முடிந்ததும் எழுந்தாய், காலை இரண்டு தடவை தட்டினாய், வண்டியை நானே வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் சார், நீங்கள் காபி குடித்துவிட்டு நடந்து வாருங்கள் என்றாய். துடைத்த வண்டியை நீயே ஓட்டிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்துவதுதான் உன் வழக்கம். அதில் உனக்கு ஒரு ராஜ கம்பீரம்.

ஷெட்டிலிருந்து ரோடு சரிவாக இறங்கும். இறக்கம் முடிகிற இடத்தில் தூங்குமூஞ்சி மரம். வண்டி வேகம் குறையவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள் முதலில். மெக்கானிக் பார்த்துவிட்டு பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார். உடனே ஊர் வாய் வேறு பக்கம் திரும்பியது. நல்ல பையன்தான், ஆனால் சனிக்கிழமை சாயந்திரம் பாருங்கள் என்று இழுத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களே வாசலில் அப்படிப் பேசிக்கொண்டு போனார்கள். பீர் வாடையே ஆகாத உன்னைப் பற்றி. அம்மா அதைக் கேட்டுக்கொண்டேதான் மிச்சக் காலத்தைக் கழித்தாள். எனக்கு இன்றைக்கும் அந்த முகங்களைக் கோயிலில் பார்த்தால் பேசப் பிடிப்பதில்லை.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஷெட் பெரிதாகிவிட்டது. தகரம் போய் ஓடு வந்துவிட்டது. கையால் தேய்த்தது போய் மெஷினால் தேய்க்கிறோம். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் புதுப் புது வண்டியில் வருகிறார்கள், பாலிஷ் என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிப்பதில்லை, டீட்டெய்லிங் என்று சொல்ல வேண்டும். பெயர் மாறியதே தவிர, கீழ்க்கதவு இன்னும் கீழேதான் இருக்கிறது. அவரும் இன்னும் குந்திக்கொண்டுதான் இருக்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரண்டு பேரும் மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தோம். பின்னால் வந்த பழக்காரர் கூப்பிட்டார். "அண்ணே, செருப்பு." திரும்பிப் பார்த்தால், தாஸின் வலது செருப்பு ரோட்டின் நடுவில் கிடக்கிறது. அவர் வெறுங்காலோடு வெகு தூரம் வந்திருக்கிறார், அவருக்குத் தெரியவே இல்லை. சிரித்துக்கொண்டே போய் எடுத்துவந்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஏனோ அந்த மரம் ஞாபகம் வந்தது.

நேற்று கல்லறையில் அந்தத் தட்டலைக் கேட்டபிறகு நான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் இவரை நேராக எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு சின்னக் குச்சியால் பாதத்தின் மேல் கோடு கிழித்தார். தெரிகிறதா என்றார். எங்கே என்று இவர் கேட்டார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். இவர் தூக்கினேன் என்றார். அது பாதிதான் எழுந்திருந்தது.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறதாம். "மணிக்கணக்கா குத்துக்கால் போட்டா அது நசுங்கும்மா. வலிச்சா பரவால்ல, மனுஷன் நிறுத்திடுவான். இது வலிக்காது. மரத்துப் போகும். பாதம் எழும்பாது. ஆனா தூக்கிட்டதாதான் அவர் நெனைச்சுப்பார்."

"கார் ஓட்டும்போது அப்படி ஆனா டாக்டர்?" என்று கேட்டேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ஆக்ஸிலேட்டர்ல இருந்து பிரேக்குக்குக் கால் போகாது. போயிடுச்சுன்னு நெனைச்சு அழுத்திக்கிட்டே இருப்பாங்க."

அண்ணா, அந்த ரூமில் நான் அழுதுவிட்டேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பிரேக்கைத்தான் மிதித்தாய், இல்லையா? மிதித்ததாகத்தானே நினைத்தாய்? மரம் பெரிதாகிக்கொண்டே வரும்போது, ஏன் நிற்கவில்லை என்று உனக்கு ஒரு கணமாவது தோன்றியிருக்கும்.  ஊர் தெரிந்துகொள்ளட்டும். என் அண்ணன் குடிக்கவில்லை. மரியாதைக்காக மத்தியானம் முழுக்கக் குந்தியிருந்தான், அவன் கால் அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

டாக்டர் சொன்னது ஒன்றும் பெரிய வைத்தியம் இல்லை. ஸ்டூலில் உட்கார வேண்டும். ரேடியோவில் இரண்டு பாட்டு முடிந்தால் எழுந்து நடக்க வேண்டும். முட்டி போட நேர்ந்தால் கீழே மெத்தைத்துணி மடித்துப் போட வேண்டும். மெஷினை எட்டிப் பிடித்துக்கொண்டு நிற்காமல் முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கப் பிடிக்க வேண்டும். இப்போதே நிறுத்தினால் நரம்பு மெல்லத் திரும்பும். இப்படியே போனால் திரும்பாது. கால் சரியாகும்வரை சாவியைத் தொடவே கூடாது. இவ்வளவுதான். உன் உயிர் இவ்வளவு சின்ன விஷயத்திலா தொங்கிக்கொண்டிருந்தது?

வந்த கையோடு தார்ப்பாயைத் தூக்கி உன் தேரை வெளியே எடுத்தேன். பேரிங் இறுகியிருந்தது, எண்ணெய் விட்டதும் உருண்டது. அதோடு ஒரு பிரம்பு நாற்காலியும் வாங்கிப் போட்டேன். அது அவருக்கு இல்லை, கார்காரர்களுக்கு. வருகிறவரை உட்காரவைத்துவிட்டால், இவரும் உட்காரலாம் அல்லவா? உன் தங்கைக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது.

இன்று காலையில் வந்த கம்ப்யூட்டர் பையன் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் மூழ்கிவிட்டான். இவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பாடா என்று நான் காபி வைக்க உள்ளே போனேன். திரும்பி வரும்போது அந்தப் பையன் ஒரு கீறலைக் காட்ட எழுந்து நின்றிருக்கிறான். உன் தேர் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. இவர் குந்தியிருக்கிறார். அவன் வயது இவர் வயதில் பாதிகூட இருக்காது அண்ணா.

ஆனால் என்னைப் பயமுறுத்துவது நாளைதான். அந்த ஆபீசர் ஐயா மத்தியானம் வந்தார். உனக்கு நடந்த பிறகு இந்தப் பக்கமே வராதவர். கான்டெஸாவைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, உன் பெட்டியின் பக்கத்தில் கடைசிவரை நின்றார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இப்போது மறுபடி ஒரு கறுப்பு வண்டி வாங்கியிருக்கிறார். "தாஸ், நாளைக்கு நீயே ஸ்வல்ப பாத்துக் குடுப்பா. வேற யாரும் கை வெக்க வேணாம்" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுதான் சொன்னார். நாற்காலியை நான் இரண்டு தடவை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

அவர் போனதும் இவரிடம் கேட்டேன். "நாளைக்கு அவரு முன்னாடி ஸ்டூல்ல உக்காருவீங்களா?"

"அவரு உக்கார மாட்டாரு ரீட்டா. எப்பவும் நின்னுக்கினேதான் பாப்பாரு."

"நான் கேட்டது அவர இல்ல. உங்கள."

"பெரிய மனுஷன். மச்சான் சாவுக்கு வந்து நின்னவரு. அவரு முன்னாடி எப்படி?"

"அண்ணனும் இதேதான் சொன்னாரு."

அவர் மெஷின் ஒயரைச் சுற்றி வைக்கப் போய்விட்டார். வண்டியை யார் கொண்டுபோய் விடுவது என்று நானும் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது. துடைத்த வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்துகிற அந்த வழக்கத்தை அவர் உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் ஷெட்டைப் பூட்டிவிட்டுக் கேட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. அதோடு நிற்கும் என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். நிற்கவில்லை அண்ணா. இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஷெட்டுக்கு வருகிற எந்த வண்டியின் சாவியும் இனி ஆணியில் தொங்காது, என் இடுப்பில்தான் இருக்கும். நாளை நான் ஆபீசர் ஐயாவிடம் நேருக்கு நேர் நின்று, ஐயா, நீங்கள் உட்கார்ந்தால்தான் என் வீட்டுக்காரர் பிழைப்பார் என்று சொல்வேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்தால் நினைக்கட்டும். அவர் உட்காராவிட்டால் வண்டி துடைக்காமல் திரும்பிப் போகும். உட்கார்ந்தாலும், வேலை முடிந்ததும் சாவி அவர் கைக்குத்தான் போகும், இவர் கைக்கு இல்லை. அந்த இறக்கத்தில் உன் பின்னால் இவரை நான் அனுப்ப மாட்டேன்.

சோறு போடப் போகிறேன். இன்னும் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

உன் முதுகில் ஏறி வளர்ந்த தங்கை,
ரீட்டா