ஸ்பிதியிலிருந்து வந்த ஒரே ஆண்பூச்சி

8.9.1999, செங்கல்பட்டு
இமயமலையில், ஸ்பிதியில் பிடித்த அந்துப்பூச்சிகளை ஒப்பிட்டு முடித்தேன். பனிமலைப் பாறையில் கற்பாசி தின்று வளர்கிறவை. ஏழு பெண், ஒரே ஒரு ஆண். இறக்கையில் கறுப்புப் பட்டை இப்படி உடைந்து வேறெதிலும் இல்லை. புதுப் பேரினம்தான்! கூட மலையேறிய நரசிம்மன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே கல்லூரி, பதினோரு வருஷ சிநேகிதம்.
"இறக்கையப் பாத்து ஏமாறாத மச்சான். ஆணோட வயித்த அறுத்து உறுப்பப் பாத்தாத்தான் தெரியும்."
இருப்பதே ஒன்று. அறுக்க விடமாட்டேன்.

10.9.1999
மறுபடி கேட்டான். கத்திவிட்டேன்.

13.9.1999
அறுத்துவிட்டான். நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது. லேபுக்குள் நுழைந்தால் பூச்சிக்கு வயிறு இல்லை. "பழைய பேரினம்தான், வந்து பாரு" என்றான், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையெடுக்காமலே.
இரும்பு ஸ்டாண்டை எடுத்தேன். மேஜைமேல் இருந்த அவன் வலது கையில் அடித்தேன். மூன்று முறை. இரண்டாவதிலேயே எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. அப்புறம் மூணாவது எதுக்குடா அடிச்ச?

14.9.1999
மூன்று விரல் போயிற்றாம். அவன் மனைவி வசந்தா என்னை வார்டுக்குள் விடவில்லை. "பூச்சிக்காகவா?" — அவ்வளவுதான் கேட்டாள். கதவில் நசுங்கியது என்று போலீசிடம் சொல்லியிருக்கிறான். ஏன்?

19.9.1999, மாமல்லபுரம்
பஸ் ஸ்டாண்டில் அவன் தம்பி கேசவன் சட்டையைப் பிடித்தான். "எங்கண்ணன் கைய ஒடச்சிட்டு இன்னா தெனாவெட்டா நின்னுகினு கீற?" முகத்தில் குத்து. விழுந்ததும் உதை. பல் ஒன்று தெறித்தது. நான் கை தூக்கவில்லை. இன்னும் உதைக்கட்டும் என்றுதான் இருந்தது.
வீட்டில் என் மனைவி ரமா ரத்தத்தைத் துடைத்தாள். "அடி வாங்கிட்டா சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.

2.10.1999
அவன் செய்த ஸ்லைடை இன்றுதான் பார்த்தேன். ஆண் உறுப்பின் கொக்கி நுனியில் இரண்டு முள். தெரிந்த பேரினத்தில் இருப்பதேதான். அதற்குள் இந்த இனம் மட்டும்தான் புதுசு.
அவன் சொன்னது சரி. வாய்விட்டு அழுதேன்.

7.2.2000
கட்டுரை முடிந்தது. அவன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. திருப்போரூரில் அவன் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். நேரில் போகத் தைரியமில்லை.

3.3.2000
திரும்பி வந்தது. இடது கையால் திருத்தியிருக்கிறான், எழுத்தெல்லாம் கோணல். இறக்கை அளவில் நான் செய்த இரண்டு தப்பைச் சரிசெய்திருக்கிறான். மேலே ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. என்னுடையது என்றே நினைத்தேன்.
அவனுடையது. கீழே ஒரு வரி: "உன் பேருக்குப் பக்கத்துல என் பேரு வேணாம்."