தண்ணீர் வந்த சனிக்கிழமை

நாணற்பட்டி,
16-5-1938.

அன்புத் தம்பி ஞானசிகாமணிக்கு,

சுருளியாண்டி எழுதிக்கொண்டது. நானும் உன் மதினி கருத்தம்மாளும் சுகம். தேனியில் நீயும் சாராளும் சுகமா, கடை வியாபாரம் எப்படி என்று எழுதவும். எடுத்துப்போட்ட காலில், இல்லாத பாதம் அரிக்கிறது என்று நீ எழுதியதை வாசித்து உன் மதினி அழுதாள். நான் அழவில்லை. டாக்டரிடம் அதைச் சொன்னாயா இல்லையா?

சனிக்கிழமை போடிக்காரர்களோடு ஆடினோம். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். தோற்றோம் என்று எழுதுகிறேனே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் இரண்டாவது கோல் போட்டபோது ஒருவன் நம் கோல் காக்கிற அழகருக்குப் பின்னால் கோல் கம்பத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தான். அது ஆப்சைடு. நடுவரிடம் போய்ச் சொன்னேன். "பெரியவரே, போய் நெழல்ல உக்காருங்க" என்றான். எட்டு மாதம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தவன் நான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மோர் விற்கிற பவுனுதான் அவனை விடவில்லை. "ஊதுறது ஊதுற, ஒரு தடவ எங்க பக்கமும் ஊதிப்பாருய்யா, வாயி வெந்தா போயிரும்?" என்று ஆட்டம் முடிகிறவரை கத்தினாள்.

பள்ளத்தாக்குக் கால்பந்துச் சங்கத்துக்கு மனு எழுதிவிட்டேன். இது பதினோராவது மனு. இதுவரை ஒன்றைத்தான் ஏற்றிருக்கிறார்கள்.

நிலைமை இதுதான். முதல் வகுப்பில் உள்ள எட்டுக் குழுவில் நாம் கடைசி. நமக்கு இரண்டு புள்ளி, நமக்கு மேலே தேவாரத்துக்கு நான்கு. கடைசியாக நிற்கிற குழு இரண்டாம் வகுப்புக்கு இறங்க வேண்டும். இனி இரண்டு ஆட்டம்தான். இந்தச் சனிக்கிழமை கம்பத்தோடு. ஜூன் நான்காம் தேதி நம் வயலில் தேவாரத்தோடு. அதோடு இந்த வருஷம் முடிந்தது. கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
சுருளியாண்டி,
தலைவர், நாணற்பட்டி கால்பந்துக் குழு.


தேனி,
19-5-1938.

அன்பு மிகுந்த அண்ணாச்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் நலம். உங்களுக்கும் மதினிக்கும் எங்கள் தோத்திரம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை சாராளுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தேன். பஸ் ஏற முடியாதவனுக்கு உங்கள் எழுத்துத்தான் மைதானம்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. நாங்கள் உங்கள் ஊரில் இருந்த காலத்தில், மதுரையில் படித்த என் மகன் மனுவேல் விடுமுறைக்குப் பெட்டியில் புத்தகம் இல்லாமல் பந்தோடு வந்து இறங்கினான். "படிக்க அனுப்புனா பந்து வாங்கிட்டு வந்திருக்கியே, ஏலே" என்று நான் கை ஓங்கினேன். நீங்கள்தான் குறுக்கே வந்து, "அறுப்பு முடிஞ்ச வயலு சும்மாத்தானே கெடக்கு, என் வயல்ல ஆடட்டும்" என்றீர்கள். ஏழு வருஷத்தில் குழுவை முதல் வகுப்புக்கு ஏற்றிவிட்டு, அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். சாராள் ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போவாள். நான் போவதில்லை. சங்கத்தின் அச்சடித்த நோட்டீசில், முதல் எட்டில் நாணற்பட்டி என்று பார்ப்பேன். அவன் ஏற்றிவிட்ட இடத்தில் அது இன்னும் நிற்கிறது. எனக்கு அது போதும்.

ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. கூடலூர்க்காரர் ஒருவர் ஆணி வாங்கக் கடைக்கு வந்தார். "மலையாளத்துல மழ முந்திக்கிருச்சு. ஒண்ணாந்தேதியே தேக்கடி மதகத் தூக்குறாகளாம்" என்றார். அப்படியானால் மூன்றாம் தேதி உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். முதலில் பாய்வது உங்கள் கூடப்பிறந்த தம்பி நல்லகண்ணுவின் வயல். அங்கே நிறைந்தால் அடுத்தது நம் மைதானம். மேல்வயல்காரர் மனம் வைத்து இரண்டு நாள் மடையை அடைத்து வைத்தால்தான் உண்டு. புதுத்தண்ணீரை நிறுத்த வேண்டுமென்றால் கீழ்வயல்காரர் வெற்றிலை வைத்து வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது உங்கள் ஊர் முறை. அண்ணாச்சி, போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
ஞானசிகாமணி.


நாணற்பட்டி,
23-5-1938.

அன்புத் தம்பிக்கு,

கம்பத்தோடு ஆட்டம் சமன். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அழகர் ஒரு பந்தை நெஞ்சால் தடுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுப்பிப் பார்த்தால் சிரிக்கிறான். "மூச்சுத்தான் போச்சு பெரியப்பா, பந்து போகல" என்றான். தேவாரம் தோற்றுவிட்டது. அவர்களுக்கு நான்கு, நமக்கு மூன்று. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் நாம் நிற்போம், அவர்கள் இறங்குவார்கள். சமன் ஆனாலும் போதாது. ஜெயிக்க வேண்டும்.

நீ எழுதியதில் மற்றதெல்லாம் சரி. நல்லகண்ணு பெயரை மட்டும் எழுதியிருக்க வேண்டாம்.

ஒன்பது வருஷத்துக்கு முன் பெரியகுளத்தில் மனுவேல் ஆடியதைப் பார்க்க நீயும் நானும்தான் போயிருந்தோம். ஆத்தா இறந்துபோனதாக ஆள் வந்து சொன்னான். வண்டி பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது ஆற்றங்கரையில் புகைகூட அடங்கிவிட்டது. ஆத்தாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பது முறைதான். அதில் நான் குறை சொல்லவில்லை. ஒரு நாழிகை பொறுத்திருந்தால் முகம் பார்த்திருப்பேன். கேட்டதற்கு அவன் ஊர் நடுவில் என்ன சொன்னான்? "பந்து பாக்கப் போனவனுக்காகப் பொணத்தப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா?" என்றான். நீ பக்கத்தில்தான் நின்றாய். அந்த வாயிடம் நான் போய்க் கேட்பதா?

நேற்று அவன் பெண்சாதி மொக்கம்மாள் கிணற்றடிக்கு வந்தாள். "மாமா, ரெண்டு நாளு மடைய அடைச்சுப்போடுறேன்னு ஒங்க தம்பி சொல்றாக. நீங்க வாயத் தொறந்து கேக்கணும், அம்புட்டுத்தேன்" என்றாள். "எனக்குத் தம்பி தேனியில இருக்கான் தாயி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நடுவரப்பை நானே முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில் மண்வெட்டி பிடிக்கிறேன். வழி விட்டால்தானே தண்ணீர் வரும்?

இப்படிக்கு,
சுருளியாண்டி,
தலைவர், நாணற்பட்டி கால்பந்துக் குழு.


தேனி,
27-5-1938.

அன்பு மிகுந்த அண்ணாச்சிக்கு,

மண் வரப்பை நம்பாதீர்கள். மேலே நீங்கள் உயர்த்துவீர்கள். அடியில் நண்டு வளையை யார் அடைப்பது?

நான்காம் தேதி வாடகைக் கார் பிடித்தாவது வருகிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். புண் பிளந்துவிடும், கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகையால் உங்கள் கடிதத்துக்காக உட்கார்ந்திருப்பேன்.

அண்ணாச்சி, வருத்தப்படாதீர்கள். ஆத்தா முகத்தைப் பார்க்கவில்லை என்கிறீர்கள். நான் மனுவேல் முகத்தைப் பார்த்தேன். பதினாறு நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி மூச்சு வரைக்கும் பார்த்தேன். பார்த்தவனுக்கு ஆறிவிடும் என்று நினைக்கிறீர்களா?

உங்களுக்காக நல்லகண்ணுவிடம் கேட்க வேண்டாம். எனக்காகக் கேளுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
ஞானசிகாமணி.


நாணற்பட்டி,
6-6-1938.

தம்பி ஞானசிகாமணிக்கு,

இந்நேரம் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவது என் கடமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் வந்தது. மடையில் தேங்காய் உடைத்து, கொட்டு அடித்து வரவேற்றார்கள். நான் போகவில்லை. சனிக்கிழமை காலையில் நல்லகண்ணு வயல் தெப்பமாக நின்றது. என் வரப்பு அசையவில்லை. ஆனால் வரப்புக்கு இந்தப் பக்கம், நடு மைதானத்தில், மூன்று இடத்தில் தண்ணீர் கொப்புளித்தது. நண்டு வளைதான். களிமண் வைத்து மிதித்தோம். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்தது. உச்சிப்பொழுதுக்குள் கணுக்கால் அளவு நின்றது.

தேவாரத்துக்காரர்கள் நான்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். பார்க்க வந்த கூட்டம் ஐந்நூறுக்குக் குறையாது. நடுவர் பந்தை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார். போட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. "ஒரு மணி நேரம் தருகிறேன். வேறு இடம் காட்டுங்கள். இல்லையென்றால் ஊர்க்குழு தோற்றதாக எழுதுவேன்" என்றார்.

அப்போது நல்லகண்ணு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. நடுவரிடம்தான் பேசினான். "என் மேட்டுக்காடு காஞ்சு கெடக்கு. கடல புடுங்கி நெரவி வச்சிருக்கேன். அங்கன ஆடட்டும். எங்கிட்ட யாரும் கேக்க வேணாம்."

கூட்டம் கைதட்டியது. தேவாரத்துப் பையன்கள்கூடத் தட்டினார்கள். நடுவர் ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறர் நிலத்தில் ஆடுவதானால், இன்னாருடைய நிலத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று குழுத் தலைவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். பதினேழாவது விதி. போன வருஷம் தேவாரத்துக்காரர்கள் சொல்லாமல் இடம் மாற்றியபோது நான் மனுப்போட்டு வாங்கிய விதி அது. என் மனுக்களில் சங்கம் ஏற்றுக்கொண்ட ஒன்று அதுதான்.

"பெரியப்பா, ரெண்டு வரிதானே. எழுதிருங்க" என்றான் அழகர். பவுனு மோர்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "ஏய்யா, ஒம்பது வருசமா அந்தப் பொணத்தத் தூக்கிக்கிட்டே திரியிறீகளே. இன்னைக்காவது எறக்கி வைங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணே" என்றான் நல்லகண்ணு. அது ஒன்றுதான் சொன்னான்.

பேனாவை வாங்கினேன். "என் தம்பி நல்லகண்ணுவின் நிலத்தை" என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கூட்டம் முழுதும் என் விரலையே பார்த்தது. உன்னை நினைத்தேன். மனுவேலையும் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். இருந்தும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நடுவர் விசிலை ஊதினார். ஒரு பந்தும் உதைக்காமல் நாம் இறங்கிவிட்டோம். தேவாரத்துக்காரர்கள் சத்தம் போடாமல் வண்டி ஏறினார்கள். அழகர் தண்ணீருக்குள் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றான்.

எனக்குச் சரியென்று பட்டதைச் செய்தேன். உனக்கு வருத்தமாக இருக்கும். பதில் எழுது.

இப்படிக்கு,
சுருளியாண்டி,
தலைவர், நாணற்பட்டி கால்பந்துக் குழு.


தேனி,
20-6-1938.

மதிப்பிற்குரிய சுருளியாண்டி அவர்களுக்கு,

தங்கள் ஆறாம் தேதிக் கடிதம் கிடைத்தது. சாராளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவளே எடுத்து வாசித்தாள். வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நேற்று நல்லகண்ணு பஸ் ஏறி வந்திருந்தார். ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். வாசலில் நின்றுகொண்டே, "நாந்தேன் மொதல்லயே கேக்காம மடைய அடைச்சிருக்கணும். எனக்கும் வீம்பு" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். மகனை இழந்தவன் வீடு என்று நினைத்து வந்தாரா, வேறு எதை நினைத்து வந்தாரோ, தெரியவில்லை. அவர் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்.

சங்கத்தின் புது நோட்டீசு வந்தது. சாராள் எனக்கு முன்னால் எடுத்து மடித்து வைத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

இனி ஆட்ட விவரம் எழுதி அனுப்பத் தாங்கள் சிரமப்பட வேண்டாம். மதினிக்கு எங்கள் தோத்திரம்.

தங்கள்,
த. ஞானசிகாமணி.


நாணற்பட்டி,
10-4-1939.

ஞானசிகாமணிக்கு,

இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. வேண்டாம் என்று நீ எழுதியதும் மறக்கவில்லை. ஆனாலும் ஆட்டம் நடந்திருக்கிறது. நடந்ததை உனக்கு எழுதாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ஆண்டிபட்டிப் பக்கம் இரண்டாம் வகுப்பின் முதல் ஆட்டம். பழைய ஆட்களில் நான்கு பேர்தான் மிச்சம். அழகரைப் போடிக்காரர்கள் கூட்டிக்கொண்டார்கள். போகும்போது காலில் விழுந்துவிட்டுப் போனான். கரிசலும் கல்லுமாய் ஒரு பொட்டல். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் தறிக் கம்பை நட்டிருந்தார்கள். எதிர்க்குழு நெசவுக்காரப் பையன்கள். காலுக்குச் செருப்புக்கூட இல்லாமல் காற்றாய் ஓடினார்கள். பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். நம் ஊரிலிருந்து நான் மட்டும். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். நம் கோலை ஒரு புதுப் பையன் இடது காலால் போட்டான். உயரமில்லை, உரமில்லை. ஆனால் பந்து எங்கே வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. நீ பார்த்திருந்தால் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றிருப்பாய்.

தலைவர் வேலையை விட்டுவிட்டேன். அவர்களாகக் கேட்கவில்லை. நானாகத்தான் விட்டேன்.

நல்லகண்ணுவோடு இன்னும் பேசவில்லை. அது என்னால் முடியாது. வாய்க்கால் கரையில் எதிரே வந்தால் அவன் நிற்கிறான். நான் நடக்கிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

போன ஜூனில் எழுதிய கடிதத்தில், எனக்குச் சரியென்று பட்டதைச் செய்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடு. கிழித்துப் போட்டிருந்தாலும் சரிதான்.

சுருளியாண்டி.